தலைதீபாவளி நெய்

நகர வேண்டாம் சார், ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு இந்தப் பக்கம்தான் தோது. அடிக்கடி எறங்கி ஏறணும். டாக்டரம்மா தண்ணி நெறையக் குடிக்கச் சொல்லியிருக்காங்க. குடிச்சா சும்மா இருக்குமா? குத்தாலத்துல ஒரு தடவை எறங்குவேன், பையை மட்டும் பாத்துக்குங்க. கண்டக்டர் நிறுத்துவான், நம்ம பையன்தான். இந்த ரூட்டுல என்னைத் தெரியாத கண்டக்டர் கிடையாது. முப்பத்தொரு வருஷம் சர்வீசு சார். அதுல கடைசிப் பதினாலு வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டர். செக்கர் சாரங்கபாணின்னா மாயவரத்துலேர்ந்து தஞ்சாவூர் வரைக்கும் ஒரு மரியாதை இருந்துச்சு. பயம்னு சொன்னாலும் சரி.

டிக்கெட்டைக் கேக்கவே மாட்டேன் சார். படியில ஏறி நின்னு வண்டிக்குள்ள ஒரு பார்வை பாப்பேன். எவன் எடுக்கலைங்கிறது அவன் மொகத்துலயே தெரிஞ்சுடும். நேரா அவன்கிட்டப் போயி நிப்பேன். உடனே ஒரு கதை சொல்லுவான் பாருங்க. டிக்கெட் காத்துல பறந்துடுச்சு சார்ம்பான். கொழந்தை வாயில போட்டு மென்னுடுச்சு சார்ம்பான். எத்தனை கதை கேட்டிருப்பேன்! ஒரு கதைக்கும் நான் மசிஞ்சதில்ல. கீழ எறக்கி விட்டுட்டுத்தான் மறுவேலை.

அந்தக் கண்ணு ஒரே ஒரு ஆள் விஷயத்துலதான் சார் தப்பிப்போச்சு. என் மாப்ளை விஷயத்துல. இப்ப மாயவரத்துல அவரைப் பாத்துட்டுதான் வர்றேன். இப்ப அவரு மாப்ளை இல்ல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி மாப்ளை. வீட்டுல என் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா, போயி அவளுக்கு ஒரு பதில் சொல்லணும். கும்பகோணம் வர்றதுக்குள்ள அந்தப் பதில் என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அதான் உங்ககிட்டப் பேசிக்கிட்டு வர்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

ஒரே பொண்ணு சார். தையல்நாயகின்னு பேரு. வைத்தீஸ்வரன்கோயில்ல வேண்டிக்கிட்டுப் பொறந்தவ. ஆவணியில கல்யாணம் பண்ணிவச்சோம். மாப்ளை செங்குட்டுவன், கரண்டு ஆபீசுல வயர்மேன், பர்மனெண்ட் வேலை. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, வெத்தலை கூடப் போட மாட்டாரு. ஆள் மட்டும் கொஞ்சம் ஒல்லி. கல்யாணத்தன்னைக்கு என் பொண்டாட்டி விருத்தாம்பாள் சொன்னா, "ஏங்க, மாப்ளை உடம்புல சதையே இல்லையே, நம்ம வீட்டுக்கு வரப்ப நல்லா ஆக்கிப் போட்டுத் தேத்தணும்"னு. நானும் அதை மனசுல வச்சுக்கிட்டேன்.

ஐப்பசியில தலைதீபாவளி வந்துச்சு. தலைதீபாவளின்னா சும்மாவா? மாப்ளைக்கு மோதரம், வேட்டி சட்டை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், எலையில என்ன விழுந்துச்சுங்கிறதுதானே சார் பேச்சு. காலையில எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு வந்து உக்காந்தாரு. இட்லி, கறிக்கொழம்பு, ஈரல் வறுவல். மதியம் பிரியாணி, அதுக்கு மேல சோறு, பருப்பு, நெய்யி. நெய்யி வீட்டுல காய்ச்சுனது, மணல் மணலா இருக்கும். அவரு எலைக்குக் குறுக்கால கையை வச்சாரு. "மாமா, எனக்கு எண்ணெ நெய்யி ஒத்துக்காது, கொஞ்சமாப் போதும்"ன்னாரு. சமையக்கட்டு வாசல்ல தையல் நின்னுக்கிட்டு, "அப்பா வேணாம்பா, வேணாம்பா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா.

நீங்களே சொல்லுங்க சார், தலைதீபாவளிக்கு வந்த மாப்ளை நெய்யி வேணாம்னா அது யாருக்குக் கேவலம்? அவ புருஷனுக்காகக் கூச்சப்படுறான்னு நெனச்சேன். கரண்டியைத் தூக்கி வச்சுட்டுக் கிண்ணத்தோட கவுத்தேன். நான்தான் சார். இந்தக் கையாலதான். மனுஷன் என் மொகத்தைப் பாத்தாரு, சிரிச்சாரு, பெசஞ்சு சாப்ட்டாரு. மூணு வேளையும் சாப்ட்டாரு. பெரியவங்க மனசு நோகக் கூடாதுன்னு சாப்ட்டிருக்காரு. அது எனக்கு இப்பத்தான் தெரியுது. அன்னைக்கு, பயல் பசியை மறைச்சு வச்சிருந்திருக்கான்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலையில பாத்ரூம்ல போயிக் கதவைச் சாத்துனவரு அரை மணி நேரமா வெளிய வரல. உள்ள முனகுற சத்தம் கேக்குது. வெளிய வந்தப்ப வேர்த்து ஊத்தி, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. கரண்டு இல்லாததால டேங்குல தண்ணி இல்ல. சரியா ஊத்திவிட முடியல போலருக்கு. அவருக்கு அடுத்தாப்புல நான் போனேன். பாத்தேன் சார். ஒண்ணுக்குப் போனது வெள்ளை வெளேர்னு நிக்குது. பால்ல எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சா திரியுமே, அந்த மாதிரி கட்டி கட்டியா. எனக்குக் காலும் ஓடல, கையும் ஓடல.

யார்கிட்டக் கேக்குறது? நேரா எங்க தெரு நாட்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வயசானவரு, நல்ல மனுஷன். யாருக்குன்னு சொல்லாம, "ஒருத்தருக்கு ஒண்ணுக்கு வெள்ளையாப் போகுது, என்னவா இருக்கும்?"னு கேட்டேன். அவரு பொட்டலம் மடிச்சுக்கிட்டே, தலையைக் கூடத் தூக்காம, "வெட்டையா இருக்கும்"ன்னாரு.

வெட்டை! அவரு சொன்னது சூட்டு ஒடம்பு சார். அடுத்த வார்த்தையே, "ரெண்டு எளநி குடிக்கச் சொல்லுங்க, வெந்தயம் ஊறவச்சுக் குடுங்க"ன்னு சொன்னாரு. அது என் காதுல விழவே இல்ல. எங்க டிப்போவுல வெட்டைன்னா ஒரே அர்த்தந்தான். லாங் ரூட்டு போயி, கண்ட எடத்துல தங்கி, கண்ட பொம்பளைகிட்டப் போயி வாங்கிட்டு வருவானுங்க பாருங்க, அதுக்குப் பேருதான் வெட்டை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் நான் செக்கரா ஆயிட்டேன். கடையிலேர்ந்து வீட்டுக்கு நடந்து வர்றதுக்குள்ள அவரு மொகத்துல திருட்டுக் களை தெரிய ஆரம்பிச்சிருச்சு எனக்கு.

கூடத்துல உக்கார வச்சுக் கேட்டேன். "மாப்ளே, எத்தனை நாளா இருக்கு இது?" ஒளிக்கல சார் மனுஷன். "பதினேழு வயசுலேர்ந்து வரும் போகும் மாமா. நெய்யி, கறி சாப்ட்டா வரும். கொசுக்கடியினால வர்றது. யானைக்கால் வியாதிப் பூச்சிதான் இதுவும், சிலருக்குக் கால்ல எறங்காம இப்படி வருதுன்னு டாக்டர் சொன்னாரு"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கொசு கடிச்சா தடிக்கும், மிஞ்சிப்போனா காய்ச்சல் வரும். கொசு கடிச்சா ஒண்ணுக்கு வெள்ளையாப் போகுமா? என் காதுல பூ சுத்துறான்யான்னு நெனச்சேன்.

தையல் சொல்றா, "அப்பா, அவரு கல்யாணம் ஆன அன்னைக்கே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. டாக்டர் எழுதுன சீட்டைக் காட்டுனாரு. நான் எண்ணெ இல்லாமத்தான் சமைச்சுப் போடுறேன். ரெண்டு மாசமா நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து நீங்கதான்..." அப்படின்னு சொல்லிட்டு நிறுத்திட்டா. நேத்து நீங்கதான் ஊத்துனீங்கன்னு சொல்ல வந்திருக்கா. அப்பனாச்சேன்னு விட்டுட்டா. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பொண்ணை நல்லா மயக்கி வச்சிருக்கான்னு நெனச்சேன்.

"ரத்தம் எடுத்துப் பாருங்க மாமா, எங்க வேணா வர்றேன். ஆனா ராத்திரிலதான் எடுக்கணும்"ன்னாரு. ஏன் ராத்திரி? பகல்ல அந்தப் பூச்சி உள்ள போயிப் பதுங்கிக்குமாம். ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ரத்தத்துல வெளிய வருமாம். "ஏன்யா, அது என்ன திருட்டுப் பூச்சியா?"ன்னு கேட்டேன். சத்தியமா கேட்டேன் சார். அந்தக் கதை ஒண்ணே போதும்னு எந்திரிச்சிட்டேன். அவ்வளவும் நெசம் சார். அந்தப் பூச்சி ராத்திரிதான் வருது. பதினாலு வருஷத்துல நான் கேட்ட அத்தனை கதையை விடவும் பொய் மாதிரி இருந்துச்சு, என்ன பண்றது?

அன்னைக்கு அவரைத் தனியாத்தான் அனுப்பி வச்சேன். தையலை அனுப்பல.

குத்தாலம் வந்துருச்சு. இருங்க, வந்துடுறேன்.

...

தெளிவாத் தண்ணி மாதிரி போகுது சார் இப்ப. ஒவ்வொரு தடவையும் பாத்துக்கிறேன். சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு.

எங்க விட்டேன்? ஆமா, அனுப்பல. மாப்ளையோட அண்ணன், பெரியப்பா எல்லாம் வந்தாங்க. எங்க சங்கத்துக் கட்டடத்துல உக்காந்தோம், ரெண்டு பக்கமும் ஒரு பதினஞ்சு பேரு இருப்பாங்க. பொண்ணை அனுப்பாததுக்குக் காரணம் என்னன்னு கேட்டாங்க. நான் எந்திரிச்சு அந்த வார்த்தையைச் சொன்னேன். "உங்க பையனுக்கு வெட்டை"ன்னேன். மாப்ளை துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, யாரையும் பாக்காம வெளிய போயிட்டாரு. குத்தம் பண்ணினவன்தான் இப்படிப் போவான்னு சொன்னேன். எல்லாரும் தலையாட்டுனாங்க. அப்பறம் அது ஊர் பூராவும் போச்சு, கரண்டு ஆபீசுக்கும் போச்சு. ஒரு கம்பத்துல ஏறினா கீழே நிக்கிறவன் கிண்டல் பண்றானாம். அதுக்காகவே மாயவரத்துக்கு மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு.

வக்கீலைப் பாத்து விவாகரத்துக்கு ரெண்டு பேரும் சம்மதம்னு எழுதி வாங்குனேன். நான் ஒண்ணும் கையைப் புடிச்சுக் கையெழுத்துப் போட வைக்கல சார், அவளேதான் போட்டா. மூணு நாளு நான் சாப்பிடாமப் படுத்திருந்தேன், அவ்வளவுதான். மூணாம் நாளு பேனாவை எடுத்துட்டு வந்தா. அப்பறம் என் தலையில கையை வைக்கச் சொல்லி ஒரு சத்தியம் வாங்குனேன். நான் உசுரோட இருக்கிற வரைக்கும் அவனைப் பாக்கவும் கூடாது, பேசவும் கூடாதுன்னு. செஞ்சு குடுத்தா. அந்த விஷயத்துல அவ சொன்னா சொன்னதுதான். ஒரு ஸ்கூல்ல கிளார்க்கு வேலைக்குப் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தா. ரெண்டு மூணு எடம் வந்துச்சு. "வேணாம்பா"ன்னு ஒரே வார்த்தை. வீட்டுல பேச்சு கொறைஞ்சு போச்சு. நானும் காலம் ஆத்தும்னு விட்டுட்டேன்.

இப்ப என் கதைக்கு வர்றேன். போன வருஷம் ஆடி மாசம். எங்க குலதெய்வம் கோயில்ல கெடா வெட்டு. நல்லா சாப்ட்டுட்டு வந்து படுத்தேன். காலையில போயிப் பாக்குறேன், வெள்ளையாப் போகுது.

நம்புவீங்களா, பத்து நிமிஷம் அப்படியே நின்னேன். நான் தப்புத்தண்டா ஒண்ணும் பண்ணாதவன் சார். எத்தனை ஊரு தங்கியிருக்கேன், ஒரு பொம்பளையை ஏறெடுத்துப் பாத்ததில்ல. ஆனா அது எனக்குத்தானே தெரியும்? விருத்தாம்பாளுக்கு எப்படித் தெரியும்? ஒரு வாளிக்கு மூணு வாளி தண்ணி ஊத்துனேன். அன்னைக்கு ஆரம்பிச்சது, எட்டு மாசம் மறைச்சேன். பாத்ரூம்ல கொழாயைத் தெறந்து விட்டுக்கிட்டுதான் போவேன். கட்டி வந்து அடைச்சுக்கிட்டா உசுரு போயி உசுரு வரும், வாயில துண்டைக் கடிச்சுக்குவேன். பன்னெண்டு கிலோ எறங்கிட்டேன். சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. பொண்டாட்டி என்ன பண்ணுவா, தேத்துறேன்னு தெனம் பாலு, முட்டை, ஆட்டுக்கால் சூப்பு. சாப்பிடச் சாப்பிட இன்னும் வெள்ளையாப் போகுது.

வீட்டுல இருக்கிறவங்க என்ன சொல்லுவாங்கன்னுதான் பயம். நான் சொன்னதைத்தான் சார் சொல்லுவாங்க, வேற என்ன சொல்லுவாங்க?

கடைசியில தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு யாருக்கும் தெரியாமப் போனேன். ஒரு டாக்டரம்மா, என் பொண்ணு வயசுதான் இருக்கும். பாட்டில்ல புடிச்சுக் குடுத்ததை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாங்க. "நேத்து என்ன சாப்ட்டீங்க? கறியா, நெய்யா?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. ஒரு கண்ணாடிக் குழாய்ல கொஞ்சம் ஊத்தி, ஈதர்னு ஒரு மருந்தை விட்டுக் குலுக்குனாங்க. பாத்துக்கிட்டே இருக்கேன், அந்த வெள்ளை மறையுது. கொழுப்பெல்லாம் மேல கூடிக்கிட்டு, கீழே தெளிஞ்சு நிக்குது.

"ஒண்ணுமில்ல அய்யா, சாப்பாட்டுல இருக்கிற கொழுப்புதான் இப்படி ஒண்ணுக்குல கலந்து போகுது. பூச்சி உள்ள போயி கொழுப்பு போற நரம்பை அடைச்சிருச்சு, அது கிட்னிப் பக்கம் ஒழுகுது"ன்னாங்க. நான் கதவைப் பாத்துட்டு, மெதுவா, "ஏம்மா, இது பொம்பளைகிட்டப் போனா வர்றதா?"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு. "கொசுகிட்டப் போனா வரும்"னு சொல்லிட்டு மாத்திரை எழுத ஆரம்பிச்சிருச்சு.

அந்தக் குழாயை எடுத்துக் குலுக்கிக் கீழ வைக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்ன்றீங்க? ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்தை நான் என் மாப்ளைக்குக் குடுக்கல. வெளிய வந்து வேப்பமரத்தடியில சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல உக்காந்து அழுதேன் சார். போறவன் வர்றவன் எல்லாம் யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சுத் தள்ளித் தள்ளிப் போனான்.

வீட்டுக்கு வந்து கொலஸ்ட்ரால்னு சொன்னேன். அப்பவும் பொய்தான். எண்ணெ நெய்யி கூடாது, கறி கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னேன். விருத்தாம்பாள் பொலம்புனா. மறுநாள் காலையில தையல்தான் தட்டைக் கொண்டாந்து வச்சா. இட்லி, தாளிக்காத சாம்பாரு, அவிச்ச முட்டையில மஞ்சக்கருவை எடுத்துட்டு வெள்ளை மட்டும், ஆடை எடுத்த மோரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சாப்பிடுறேன். பக்கத்துல நின்னுக்கிட்டுச் சொல்றா, "தேங்காயெண்ணெ மட்டும் ஒரு ஸ்பூன் சேத்துக்கலாம்பா. அது இதுல அவ்வளவா ஒழுகாது. அவருக்கு அப்படித்தான் செஞ்சேன்."

அவருக்கு. ஆறு வருஷம் கழிச்சு அந்த வார்த்தையை எங்கிட்டச் சொன்னா.

எத்தனை நாளாத் தெரியும்மான்னு கேட்டேன். "ஆடியிலேர்ந்து"ன்னா. எட்டு மாசமும் தெரிஞ்சிருக்கு சார்! ஏம்மா சொல்லலைன்னு கேட்டதுக்கு, "சொன்னா நீங்க கூசிப் போயிடுவீங்கப்பா"ன்னுட்டுத் தட்டை எடுத்துட்டுப் போயிட்டா. அவ திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை கேட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

மாத்திரையில முழுசா நிக்கல. போன மாசம் ஆஸ்பத்திரியில சேத்து, ஒண்ணுக்குப் போற வழியா குழாயை விட்டு, கிட்னி வரைக்கும் மருந்து ஏத்திக் கழுவுனாங்க. மூணு நாளு. விலாவுல சுரீர்னு இழுக்கும், பொறுத்துக்கிட்டேன். நாலாம் நாளு தெளிஞ்சிருச்சு. டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்னைக்கு அவளைக் கூப்பிட்டு, "நீ செஞ்ச சத்தியத்தை நான் எடுத்துட்டேம்மா. நான் போயி மாப்ளையைப் பாத்துட்டு வர்றேன்"ன்னேன். வேணாம்பான்னா. மறுபடி சொன்னேன், வேணாம்பான்னா. ஆனா இன்னைக்குக் காலையில பாக்குறேன், என் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்குது. வாசல்ல செருப்பைத் தொடச்சு வச்சிருக்கா. கெளம்புறப்ப கேட் வரைக்கும் வந்து, "அவருக்கு அது திரும்ப வந்துச்சான்னு மட்டும் கேட்டுட்டு வாங்கப்பா"ன்னா.

ஆடுதுறையா இது? அதுக்குள்ளயா! இன்னைக்குன்னு பாத்து வேகமா ஓட்டுறான்.

மாயவரத்துல வீட்டைக் கண்டுபிடிச்சுக் கதவைத் தட்டுனேன். ஒரு பொண்ணு தெறந்துச்சு. கழுத்துல தாலி, வயித்துல ஏழு மாசம். நான் செக்கர் சார், ஒரு பார்வை போதும். திரும்பியிருக்கணும். ஆனா "யாருங்க வேணும்?"னு கேட்டப்ப செங்குட்டுவன் பேரைச் சொல்லிட்டேன். அவரு வந்தாரு. நல்லா சதை போட்டிருக்காரு, மீசையெல்லாம் அடர்த்தியா. என்னைப் பாத்ததும், "வாங்க மாமா"ன்னாரு. வாய் தவறி வந்துருச்சு போல. அப்பறம் பேசுறப்பெல்லாம் சார்னுதான் கூப்பிட்டாரு. சம்சாரத்துகிட்ட, "கும்பகோணத்துல எனக்குத் தெரிஞ்சவங்க"ன்னாரு.

எனக்கும் அதேதான் வந்துருச்சுன்னு சொன்னேன். எட்டு மாசம் மறைச்சது, கொழாய் விட்டது, எல்லாத்தையும் சொன்னேன். அவரு பொறுமையாக் கேட்டாரு. "ராத்திரி ரத்தம் எடுத்தாங்களா?"ன்னாரு. அந்தக் கேள்வியில ஒரு குத்தல் இருக்கும்னு மொகத்தைப் பாத்தேன், ஒண்ணுமே இல்ல சார், அக்கறையாத்தான் கேட்டாரு. அவருக்கு நாலு வருஷத்துக்கு முன்னாடியே இதே மாதிரி மருந்து ஏத்திக் கழுவிட்டாங்களாம். அதுக்கப்பறம் வரவே இல்லையாம். வருஷா வருஷம் வீடு தேடி வந்து யானைக்கால் மாத்திரை குடுப்பாங்க, வாங்கிப் பரண்ல போடாம எல்லாரும் முழுங்குங்கன்னாரு. நாங்க பரண்லதான் போட்டோம்.

மன்னிப்புக் கேட்டீங்களான்னுதானே பாக்குறீங்க? அதுக்குத்தானே சார் அவ்வளவு தூரம் போனேன். போனாலே அதானே அர்த்தம்? வாயைத் தெறந்து வேற சொல்லணுமா? அந்தப் பொண்ணு வேற பக்கத்துலயே நிக்குது.

பஸ் ஏத்தி விடக் கூட வந்தாரு. வழியிலதான் சொன்னாரு. "ஒவ்வொரு வருஷமும் தையல் பொறந்தநாளுக்கு அவ ஸ்கூல் வாசல்ல வந்து நிப்பேன் சார். என்னைப் பாக்க மாட்டா, குனிஞ்ச தலை நிமிராமப் போயிடுவா. அஞ்சு வருஷம் நின்னேன். போன வருஷம் எங்கம்மா படுக்கையில விழுந்துட்டாங்க. வெறுத்துட்டாளோன்னு நெனச்சுக்கிட்டேன். கட்டிக்கிட்டேன்." நான் வாங்குன சத்தியத்தை அவருகிட்டச் சொல்லல. சொல்லி என்ன ஆகப்போகுது? வயித்துல புள்ளையோட ஒரு பொண்ணு வீட்டுல உக்காந்திருக்கு.

ஆனா ஒண்ணு சார். அவரும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அஞ்சு வருஷம் பொறுத்தவரு இன்னும் ஒரே ஒரு வருஷம் பொறுத்திருக்கக் கூடாதா? எதுக்கு இந்த அவசரம்?

இருங்க, போன் அடிக்குது. ... ம், வந்துக்கிட்டே இருக்கேன். திருவிடைமருதூர் தாண்டிட்டோம். எதுக்குக் கேக்குற? சரி, சரி.

விருத்தாம்பாள்தான். எந்த பஸ்ஸுன்னு தையல் கேக்கச் சொன்னாளாம். சாயங்காலம் சமையலுக்கு எத்தனை பேருக்கு அரிசி போடன்னு வேற கேக்குறாளாம். நான் என்ன சார் சொல்லுவேன், சரி சரின்னு வச்சுட்டேன்.

வீடு பூட்டிக் கெடந்துச்சுன்னு சொல்லிடவா? ஆள் வேலையா வெளியூரு போயிருக்காருன்னு சொல்லிடலாமா? அவ நம்புவா சார். நான் எது சொன்னாலும் அவ நம்புவா. ஒரு மாசம் ஓடும். அப்பறம்? இல்ல, அது திரும்ப வரலையாம்மா, நல்லா இருக்காராம்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடவா? அவ கேட்டது அது ஒண்ணுதானே? அதுக்குப் பதில் எங்கிட்ட இருக்கு. மீதியை அவ கேக்கலையே.

எங்க ஸ்டாப்பு வருது. பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாடியே எறங்கிடுவேன், வீடு கிட்ட. அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க சார்.

அய்யோ. நிக்கிறா சார். அதோ, அந்தப் பழக்கடை ஓரம், பச்சைப் புடவை. என்னைக் கூப்பிட்டுப் போக அவ ஸ்டாப்புக்கு வந்ததே இல்ல. தலையில பூ வச்சிருக்கா. ஆறு வருஷமா இல்லாம இன்னைக்குப் பூ வச்சிருக்கா. என்னைப் பாத்துட்டா. இல்ல, என்னைப் பாக்கல. முன்வாசலையும் பின்வாசலையும் மாறி மாறிப் பாக்குறா. என்கூட யாரு எறங்குறாங்கன்னு பாக்குறா சார்.

நீங்களும் இங்கதான் எறங்கணுமா? சார், ஒரு ஒதவி பண்ணுங்க. என் பின்னாடியே எறங்கிடாதீங்க. நான் எறங்கி அவகிட்டப் போற வரைக்கும் உள்ளயே நில்லுங்க.